ரேடியோவில் வந்த பவுன்சர்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு என் வலது புருவம் ஒரு வேடிக்கைப் பொருள். புருவத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு போகும். “அங்கிள், அது எப்படி ஆச்சு?” என்று கேட்காத பிள்ளை இந்தத் தெருவில் இல்லை. போன மாதம், பிள்ளைகளே, நீங்கள் நாலைந்து பேராக வந்து கேட்டபோது நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்.

“அப்பா, வாயால சொல்லாதீங்க. வாயால சொன்னா சேர்த்துக்குவீங்க. எழுதிக் குடுங்க. நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளிய விடுவேன்.”

அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக லேத் மிஷினில் நிற்கிறேன். ஒரு மயிரிழை அளவு தப்பினாலும் பீஸ் வீண் என்பதுதான் என் தொழில். அப்படிப்பட்டவன் சொந்தக் கதையில் அளவு தப்பிவிட்டேன். அதனால் என் மகளின் தலைக்கே ஆபத்து வரப் பார்த்தது. அவள் தலையில் ஒரு ஹெல்மெட் ஏறுமா, ஏறாதா என்று நான் தவித்த கதை இது.

முதலில் அந்தக் காலத்து வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் உடனே போனை எடுத்து எத்தனை விக்கெட், என்ன ஆவரேஜ் என்று பார்ப்பீர்கள். போனில் எல்லாம் இருக்கும், பயம் மட்டும் இருக்காது. எங்களுக்கு அவர்களைத் தெரிந்ததே பயத்தின் வழியாகத்தான்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பேப்பரில் வருகிற கறுப்பு வெள்ளைப் படம், ரேடியோவில் வருகிற குரல், இந்த இரண்டை வைத்துத்தான் ஒரு முழு ஆளை நாங்கள் செய்துகொள்ள வேண்டும். கடல் தாண்டித் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒருவர் பவுண்டரி கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓடிவர ஆரம்பிப்பாராம். இன்னொருவர் ஓடிவரும்போது காலடிச் சத்தமே கேட்காதாம். நடுவருக்கே தன் முதுகுப் பக்கம் ஆள் வருவது தெரியாதாம். இதெல்லாம் யார் பார்த்துச் சொன்னது என்று நாங்கள் கேட்டதில்லை. படத்தில் அவர் இரண்டு கால்களும் தரையில் படாமல் இருக்கும். கை மட்டும் வானத்தில் இருக்கும். அது போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு தெருமுனை கொய்யா மரத்திலிருந்து ஓடிவருவோம். பந்து போடும்போது மூச்சு வாங்கும், ஸ்டம்புக்கு ஒரு ஆள் தள்ளிப் போகும். ஆனாலும் ஓட்டத்தைக் குறைக்கமாட்டோம்.

அவர்களுக்கு எதிரே நின்று ஆடியவர்கள்தான் எங்களுக்குத் தெய்வங்கள். தலையில் ஒரு துணித் தொப்பி இருக்கும், அதுவும் இல்லாதவர்கள் உண்டு. கையில் துணிக் கையுறை கனத்தில் ஒரு கிளவுஸ். முகத்துக்கு முன்னால் வெறும் காற்றுதான். மூக்கை உரசிக்கொண்டு போகிற பந்தை, அதே மூக்குக்கு முன்னாலிருந்தே மட்டையைச் சுழற்றி எல்லைக்கு அனுப்புவார்கள். அடிபட்டால் தேய்க்கமாட்டார்கள். தேய்த்தால் பவுலருக்குத் தெரிந்துவிடுமாம். நானும் வீட்டில் கதவில் இடித்துக்கொண்டால் தேய்க்காமல் நிற்பேன். “வலிச்சா அழுது தொலையேண்டா” என்று அம்மா திட்டுவார்.

எங்கள் பக்கத்து வீடு டீச்சர் வீடு. அவர்களுடைய மூத்த பையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் எல்லாருக்கும் அண்ணா. அவன் ரேடியோவைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டால் தெருவே அங்கே வந்துவிடும். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும்போது தமிழிலேயே வர்ணனை வரும். லீவு வேறு. கையில் ஆளுக்கு ஒரு துண்டு கரும்பு.

அங்கே அண்ணா போட்ட ஒரு சட்டம் உண்டு. நம் ஆட்கள் இரண்டு பேர் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தால், கேட்பவர்கள் யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. நின்றவன் நின்றபடி, உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடி. ஒருத்தன் எழுந்து போனால் அங்கே விக்கெட் விழுந்துவிடும். சிரிக்காதீர்கள். பலமுறை விழுந்திருக்கிறது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தாலும் ஐம்பது ரன் கூட்டணி முடியும்வரை அடக்கிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த இடம் டீச்சர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் சுவர். அதன்மேல் குந்தியிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. கீரைக்கூடை அம்மா ஒருவர் காலையில் எங்கள் தெருவுக்கு வருவார். விலை சொல்ல கேட் அருகே வந்து நின்றவரை அண்ணா பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அப்படியே நில்லுங்க. நீங்க வந்த பிறகு ரெண்டு ஃபோர் போயிருக்கு.”

“இன்னா தம்பி இது பேஜாரா கீது. கீரை வாடிக்கினு கீது, நான் போவ வாணாமா?”

“ஒரே ஒரு ஓவர்க்கா. நீங்கதான் ராசி.”

“ராசியாம் ராசி. எங்க வூட்டுக்காரருகிட்ட வந்து சொல்லு இதை.” திட்டிக்கொண்டே அவரும் நின்றார். ராசி என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஒரு ஓவர் பத்து ஓவரானது. தீவுக்காரர் மறுபடி பந்து போட வந்தார். வர்ணனையாளரின் குரல் தாழ்ந்தது. ஓடிவருகிறார், நடுவரைக் கடக்கிறார் என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் திடீரென்று மேலே எகிறியது. பந்து தலையை நோக்கி வருகிறது என்றது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த நான் குனிந்தேன்.

ஆமாம். ரேடியோவில் வந்த பந்துக்குக் குனிந்தேன். குனிந்த வேகத்தில் நிலை தடுமாறி, மதிலிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமாகப் புரண்டு விழுந்தேன். கீழே அடி பம்பு. அதன் கைப்பிடி இரும்பு என் புருவத்தில் இறங்கியது.

அதைவிட வலித்தது அடுத்து நடந்ததுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. வரக்கூடாதே!

“டேய், விழுந்துட்டியா?” என்று அண்ணாவின் குரல் மட்டும் கேட்டது. “அங்கேயே அசையாம கிட. இன்னும் ரெண்டு பால்தான்.”

சட்டத்தை உடைத்தது கீரைக்கார அம்மாதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். “புள்ளைக்கு ரத்தம் கொட்டிக்கினு கீது, நீங்க பொட்டிய மொறைச்சிக்கினு நிக்கிறீங்க. நீங்கல்லாம் மனுசங்களா? உங்க மேட்ச்சுல மண்ணு விழ!” முந்தானையைச் சுருட்டி என் புருவத்தில் அழுத்தினார். அழுத்திய அந்த நேரத்தில் மதிலுக்கு அந்தப்பக்கம் “அய்யோ” என்று ஒரே சத்தம். நம் ஆள் அவுட்.

பக்கத்துத் தெரு டாக்டர் மூன்று தையல் போட்டார். அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் விக்கெட் விழுந்த பழி என் மேல்தான் விழுந்தது. கீரைக்கார அம்மாவை யாரும் கேட்கத் துணியவில்லை. இரண்டு பொங்கலுக்கு என்னை ரேடியோ பக்கமே சேர்க்கவில்லை. “ரேடியோவுக்குக் குனிஞ்சவன்” என்பதுதான் என் பெயர். தாம்பரம் ஸ்டேஷனில் யாராவது பழைய ஆள் என்னைப் பார்த்தால் கையைத் தலைக்கு மேலே வைத்துக் குனிந்து காட்டிவிட்டுப் போவான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது மடியில் உட்கார்ந்து தழும்பைத் தொட்டாள். “இது என்னப்பா?” என்றாள். “ஒரு பெரிய ஃபாஸ்ட் பவுலர் போட்ட பவுன்சர்ல வந்ததும்மா” என்றேன். யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கண் விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்தமுறை கேட்டபோது அனகாபுத்தூரில் ஆறேகால் அடி உயரத்தில் ஒரு பவுலர் பிறந்தான். அதற்கடுத்த முறை மூன்று தையல் ஆறு தையலானது. கடைசியில் ரத்தம் வழிய எழுந்து நின்று அடுத்த பந்தை ஃபோர் அடித்தேன். ஹெல்மெட்? “அந்தக் காலத்துல ஹெல்மெட்டு யாரு போட்டா? தைரியம்தான் ஹெல்மெட்டு.” இப்படி ஒரு வசனம் வேறு. என் மனைவிக்கு உண்மை தெரியும், என் அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார், அவ்வளவுதான்.

அந்தக் கதையைக் கேட்டே அவள் வளர்ந்தாள். மட்டை பிடித்தாள். என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாக ஆடினாள். பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள், அங்கே எனக்குக் கவலை இல்லை. பதினேழாவது வயதில் எங்கள் தெரு டீமுக்கு ஒரு ஆள் குறைந்தது. கோவிலம்பாக்கம் டீமோடு ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஸ்டிச் பால், அதாவது தோல் தைத்த கெட்டிப் பந்து. பையன்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரே பெண் அவள்தான்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு பையன் நிஜமாகவே வேகம். போன மேட்ச்சில் ஒருத்தனுடைய முன்பல் போனது எங்கள் தெருவுக்கே தெரியும்.

சனிக்கிழமை மாலை அவள் கூடத்தில் உட்கார்ந்து மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டை எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். அவள் எடுத்து வெளியே வைத்தாள்.

“பசங்க யாரும் போடறதில்லப்பா. நான் மட்டும் போட்டா, பாரு பொண்ணுன்னு சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். அவன் போன வாரம் ஒருத்தன் பல்லை எடுத்திருக்கான்.”

“நீங்க போட்டீங்களா?”

நான் ஹெல்மெட்டை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தேன்.

“ஆறு தையல் போட்டும் அடுத்த பால் ஃபோர் அடிச்சீங்கல்ல? நான் உங்க பொண்ணுதானே?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதிமூன்று வருஷமாக நான் ஊதிய பலூன் என் முகத்துக்கு நேராக வெடித்த மாதிரி இருந்தது. அவள் பல்லைப் பார்த்தேன். வரிசையான பல். சிறுவயதில் கம்பி போட்டுச் சரிசெய்த பல்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மதில், அடி பம்பு, கீரைக்கார அம்மா, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அனகாபுத்தூர் பவுலர் இல்லை என்று சொல்லும்போது ஒரு நல்ல ஆளைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, நான் ஹெல்மெட் போடணும்னு பொய் சொல்றீங்க, சரி. ஆனா நம்பற மாதிரி சொல்லக் கூடாதா? ரேடியோவுக்கு யாராச்சும் குனிவாங்களா?”

“நிஜம்மா.”

“அதுவும் ரத்தம் வரும்போது யாருமே அசையல. கீரை விக்கிறவங்க மட்டும் வந்தாங்க. சூப்பர்ப்பா!”

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தார். “அடியே, அது நிஜம்தான்டி. உங்க பாட்டியே எங்கிட்ட சொன்னாங்க.”

“அம்மா, நீங்களும் கூட்டா?” என்றாள் அவள்.

பொய்யை நம்பினாள். உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. யாரைக் குறை சொல்வது?

மறுநாள் முதல் ஆராதனைக்குப் போய்வந்தோம். அன்று போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே ஏரிக்கரை மைதானத்துக்குப் போனேன். விக்கெட் கீப்பருக்குப் பின்பக்கம், எல்லைக்கு வெளியே ஒரு குட்டைச் சுவர். அதன்மேல் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று விக்கெட் விழுந்ததும் அவள் இறங்கினாள். தலையில் துணித் தொப்பி. போகிற வழியில் என்னைப் பார்த்தாள். பையைத் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பேப்பரிலிருந்து வெட்டி நான் சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டிவைத்த படங்களில் ஒருவர் இப்படித்தான் துணித் தொப்பியோடு நடந்துபோவார். அந்தப் படத்தை அப்படி ரசித்தேன். அன்று அந்த நடையை என்னால் ரசிக்க முடியவில்லை. அவருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“மச்சான், பொண்ணுடா. மெதுவா போடு, அழுதுடப் போவுது” என்று ஸ்லிப்பில் நின்றவன் கத்தினான்.

“வேகமாவே போடுங்கண்ணா” என்றாள் என் மகள். “எனக்கு டியூஷனுக்கு நேரமாகுது.”

அவன் சிரிக்கவில்லை. நன்றாகப் பின்னால் போய்த் திரும்பினான். முதல் பந்தை அவள் மட்டையின் நடுவில் வைத்து நிறுத்தினாள். அடுத்த பந்துக்கு அவன் இன்னும் நாலு அடி பின்னால் போனான். பாதிப் பிச்சில் குத்தினான். பிச்சில் போட்டிருந்த கயிற்று விரிப்பில் பட்டு அது எகிறியது. அவள் முகத்தை நோக்கி வருவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? பாதிதான் பார்த்தேன். ஏனென்றால் குனிந்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் குனிந்த அதே வேகம். குட்டைச் சுவரிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து மண்ணில் விழுந்தேன். சுவர்மேல் என் இரண்டு கால்கள் மட்டும் செருப்போடு நின்றன.

“அங்கிள் அவுட்டு!” என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

அந்தப் பந்து அவள் காதோரமாகப் போயிருக்கிறது. அதைத் திரும்பிப் பார்த்தவள்தான் என் கால்களையும் பார்த்திருக்கிறாள். மட்டையோடு ஓடிவந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பந்துக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

“அப்பா, அடி பட்டுச்சா?”

“இல்லம்மா. மண்ணுதான்.”

அவள் என் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த அடி பம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“மதிலை ஒட்டி. எங்க வீட்டுப் பக்கம்.”

“அப்போ அனகாபுத்தூர் பவுலர்?”

“அப்படி யாரும் இல்லம்மா.”

“ஆறு தையல்?”

“மூணு.”

“அந்த ஃபோர்?”

“நான் பம்புக்குப் பக்கத்துல படுத்திருந்தேன்.”

“பாப்பா, ஆடறியா, இல்ல குடும்பத்தோட மீட்டிங் போடப் போறியா?” என்று நடுவர் அங்கிருந்து கூப்பிட்டார்.

அவள் கையை நீட்டினாள். “குடுங்க.”

பை என் நெஞ்சின்மேலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று தொப்பியைக் கழற்றி என்னிடம் போட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையை இழுத்துக் கட்டினாள். யாரோ ஒருத்தன் சிரித்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் கையை ஊன்றி எழுந்திருக்கப் போனேன்.

“எழுந்திருக்காதீங்க.”

“ஏம்மா?”

“நான் அவுட் ஆகறவரைக்கும் அங்கேயே இருங்க. அசைஞ்சீங்கன்னா பாருங்க.”

அப்படிச் சொன்னபோதுதான் அவள் என் கதையை முழுசாக நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

காலை மட்டும் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தால் மைதானம் தெரியாது. சத்தம் மட்டும்தான். மண்ணில் ஓடிவருகிற காலடி. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு மட்டையில் பந்து படுகிற ஓசை. “ஓடு, ஓடு, ரெண்டு!” எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் மறுபடி கிரிக்கெட்டைக் காதால் கேட்டேன். அந்தத் தீவுக்காரர்கள், துணித் தொப்பிக்காரர்கள், ஜன்னலில் ரேடியோ, கரும்புச் சக்கை, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன.

நாலாவது ஓவரோ ஐந்தாவதோ, ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஹெல்மெட் கம்பியில் பந்து மோதுகிற சத்தம். இரும்புச் சத்தம் எனக்குத் தப்பாது. உள்ளங்கை இரண்டும் தரையை அழுத்தின. எழுந்துவிட இருந்தேன்.

“ஒண்ணும் இல்லப்பா! அசையாதீங்க!” என்று அவள் குரல் வந்தது.

உட்கார்ந்தேன்.

எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போன் அடித்தது. மனைவிதான். சட்டைப் பையில் கைவிடவும் பயமாக இருந்ததால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து சுவரைத் தாண்டி என் தலைக்கு மேலே பறந்து முட்செடிக்குள் விழுந்தது. சிக்ஸர். அதை எடுக்க வந்தவன் வேறு யாருமில்லை, ஸ்லிப்பில் நின்று கத்தியவன்தான். முள்ளில் கையைவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“இன்னா அங்கிள், இன்னும் தரையிலயே உக்காந்துகினு கீறீங்க?”

“பார்ட்னர்ஷிப் போய்க்கிட்டிருக்கு தம்பி. நான் அசையக் கூடாது.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தக் காலத்துப் பையனாக இருந்தாலும் இது புரியும் போலிருக்கிறது. திரும்பி மைதானத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தான்.

“அங்கிள், எழுபது ரன் ஆயிடுச்சு அங்கிள். ப்ளீஸ், ஒரே ஒரு தபா எழுந்து உக்காருங்களேன்.”

எறும்பு முழங்கால் வரை வந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.